ஆற்றங்கரைக் கூத்துக் களத்திற்குச் சிமெண்டு மேடை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூருக்குக் கிழக்கே, ஆற்காடு போகும் வழியில், பாலாற்றின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி ஒரு கூத்துக் களம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஊரார் பாரதக் கூத்து, அதாவது மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்து, பார்த்து வரும் அந்த மண்தரையில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு மேடை எழுப்பி, மேலே தகரக் கூரை போட்டு, எதிரே மக்கள் உட்காரும் இடம் முழுவதும் பேவர் பிளாக் கல் பதித்து, அதை நிரந்தரக் கலையரங்கமாக மாற்றப் போவதாக உள்ளாட்சி நிர்வாகத்தின் சார்பில் அறிவித்திருக்கிறார்கள். கூத்தை மதித்துத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அந்த மேடை எழும்பிவிட்டால் அங்கே பாரதக் கூத்து நடத்துவதே கடினமாகிவிடும் என்பதால், வேலை தொடங்கும் முன்பே தங்கள் நாளிதழ் வாயிலாக இதைச் சம்பந்தப்பட்டவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வேலை காரணமாகச் சத்துவாச்சாரிக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திருவிழா நாளில் பகல் வேளையில் ஊருக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவதே வழக்கமாகிப் போயிருந்தது. மேடை பற்றிய செய்தி காதில் விழுந்ததும் மனம் கேட்கவில்லை. இந்த வைகாசியில் ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய், சிறுவயதில் என் பாட்டியின் மடியோரம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, இரண்டு இரவுகள் விடிய விடியக் கூத்துப் பார்த்தேன்.

களம் என்று சொல்லிக் காட்டினால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு அங்கே எதுவும் தென்படாது. கரைமேட்டுக்கும் கோயில் மதிலுக்கும் நடுவே அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான வெற்றுத்தரை, ஓரத்தில் இரண்டு வேப்பமரம், ஆற்றுப் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய சரிவு, அவ்வளவுதான். கோயிலில் கொடியேறியதும் ஊர் இளைஞர்கள் அந்தத் தரையைச் செதுக்கி, கல்லையும் முள்ளையும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்துச் சமப்படுத்தி, மேலே ஆற்று மணலை மெல்லியதாகத் தூவிவிடுகிறார்கள். இருபதடிச் சதுரத்துக்கு நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, பின்புறம் ஒரு பெஞ்சு போட்டுவிட்டால் ஆடுகளம் தயார். பெஞ்சில் மிருதங்கக்காரரும் ஆர்மோனியக்காரரும் முகவீணைக்காரரும் உட்கார, பின்பாட்டுக்காரர்கள் தாளத்தோடு பக்கத்தில் நிற்க, அதற்கும் பின்னால் தென்னங்கீற்று மறைப்புக்குள் வேஷம் கட்டுகிறார்கள். மற்ற மூன்று பக்கமும் சனங்கள் பாய் விரித்துக்கொள்கிறார்கள். வைகாசி மாதத்து வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் கொதித்த அந்த மணல், பத்து மணிக்கு மேல் ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று திரும்பியதும் ஆறத் தொடங்கி, நடுச்சாமத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குப் போர்வை தேட வைக்கும் அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. எங்கள் சிறுவயதில் கூத்து இடைவேளையில் ஆற்றுக்குள் இறங்கி, கையால் ஊற்றுத் தோண்டி, தெளிந்ததும் அள்ளிக் குடித்திருக்கிறோம். மணலை அள்ளிக்கொண்டு போனபின் ஊற்றும் இல்லை. மிச்சம் இருப்பது இந்தக் கரைமேடு ஒன்றுதான்.

முதல் இரவு, சூதாட்டத்தையும் திரௌபதியின் துகில் உரிவதையும் ஆடும் பகடைத் துகில். ஆடியது செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஜமா, அதாவது கூத்துக் குழு. ஒன்பது மணிக்கே கீற்று மறைப்புக்குப் போய், குழுவை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றிப் பாயின் மேல் வைத்தார்கள். துரியோதனன் வேஷக்காரர் கையளவுக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்துக்கொண்டு, ஈர்க்குச்சி முனையால் கன்னத்துச் சிவப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். பகலில் அவர் கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவராம். சலங்கை கட்டும் முன்பு குனிந்து தரையைத் தொட்டு, விரலில் ஒட்டிய மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டார். மற்ற வேஷக்காரர்களும் அவ்வாறே செய்தார்கள். அதை ஒரு சடங்காக அல்ல, வேட்டியை இறுக்கிக் கட்டுவதுபோல அன்றாட வேலையாகச் செய்தார்கள்.

கட்டியக்காரன் வந்து சிரிக்க வைத்துப் போன பின், இரண்டு பேர் திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனனின் சலங்கை மட்டும் கேட்டது. கிரீடத்தின் நுனி மேலே தெரிந்து மறைந்தது. விருத்தம் பாடி, தன்னை யாரென்று சொல்லி, பொறுமையைச் சோதிக்கும் அளவுக்குக் காக்க வைத்து, திரை விலகியதும் அவர் களத்தைச் சுற்றி ஒரு கிறிக்கி அடித்தார். ஒரு குதிகாலை ஊன்றி உடம்பு முழுவதையும் பம்பரமாய்ச் சுழற்றும் அந்த அடவை அவர் எத்தனை சுற்று சுற்றினார் என்று எண்ணத் தொடங்கி, பதினெட்டுக்கு மேல் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். தூவியிருந்த மணல் அவர் காலடியிலிருந்து விசிறிபோலப் பறந்து முன்வரிசையில் இருந்த எங்கள் முழங்காலில் விழுந்தது.

விடியலுக்குச் சற்று முன்பு துகில் உரியும் கட்டம். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, களத்தின் நடுவில் மண்ணைக் கையால் குவித்து, அதன்மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றி, திரௌபதி வேஷத்தில் நின்றவரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். என் பக்கத்தில் அதுவரை குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மூதாட்டி எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. "அம்மா, தாயே" என்று சொல்லிக்கொண்டே நாலடி முன்னே போய், அந்தக் கற்பூர வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினார். ஆடுகிறவருக்கும் அவருக்கும் நடுவில் படியும் இல்லை, தடுப்பும் இல்லை. மூன்றடி மேடை வந்துவிட்டால் அந்த அம்மையார் அங்கே போவது எப்படி?

காலையில் வேஷம் கலைந்த பின் களத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். ஆடுகளத்து மண்ணில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கிறிக்கி அடித்த இடங்களில் குதிகால் அளவுக்குக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. வாத்தியார் வாயில் வெற்றிலையோடு பக்கத்தில் வந்து நின்றார். "மண்ணு வாங்கிக்கும் ஐயா. சிமெண்டு வாங்கிக்காது. நாம அடிக்கிற அடியைத் திருப்பி நம்ம முட்டிக்கே குடுக்கும்" என்றார். சிமெண்டு மேடை உள்ள ஊர்களிலும் அவர்கள் ஆடத்தான் செய்கிறார்கள். மறுநாள் கால் ஊன்ற முடியாமல் தைலம் தடவிக்கொண்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறுகிறார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் இரவெல்லாம் ஆடும் ஒருவருக்கு முழங்கால் போனால் பிழைப்பே போயிற்று. கிரீடமும் கட்டையும் தாங்கிய உடம்பு ஆறேழு மணி நேரம் குதித்தும் சுழன்றும் ஆடும்போது தரை கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும் என்பதை, மேடைக்கு வரைபடம் போட்டவர்கள் ஒருமுறை அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று பார்த்திருந்தால் அறிந்திருப்பார்கள்.

கூத்தை எத்தனையோ மேடைகளில் ஆடுகிறார்களே, இங்கே மட்டும் என்ன தடை என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு உயிர் தேடித் திரும்பிப் பார்த்தது நம் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசைக் கூத்தையும் அதன் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானையும்தான். அதன் பிறகு கூத்து பல நகரங்களின் அரங்குகளுக்கும் போய் வந்திருக்கிறது. அதனால் கலைஞர்களுக்கு மதிப்பும் கூடியது. ஆனால் அங்கே ஆடுவது இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்து. பார்ப்பவர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எங்கள் ஊரில் நடப்பது அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஊரே தாம்பூலம் வைத்து அழைத்து, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, இரவில் அந்தக் கதையையே வேஷம் கட்டி ஆடி, இறுதியில் தீமிதியில் போய் முடியும் ஒரே தொடர். அந்தத் தொடரில் எந்த இடத்தில் கூத்து முடிந்து எந்த இடத்தில் வழிபாடு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. வில்வளைப்பு நடக்கும் இரவில் ஆடுகளம் இருபதடிச் சதுரம் என்றால், பகாசுரன் நாளில் ஆடுகளம் ஊர்த்தெரு முழுவதும். பீமன் வண்டியில் சோற்றோடு வீடுவீடாக வருவார். மேடை என்னும் ஓரிடத்தில் கூத்தை நிறுத்தி வைக்க நினைப்பவர்கள் ஓர் இரவுதான் வந்து பார்த்திருக்கிறார்கள் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்வோம். நெடிய பனைமரத்தைத் தறித்துக் கொண்டுவந்து, படி வைத்து, மஞ்சள் பூசி, களத்தில் ஆளுயரக் குழி வெட்டி நடுகிறார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே மேலே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் விபூதியும் வீசுகிறார். குழந்தை வரம் வேண்டி ஈரச் சேலையோடு மரத்தடியில் காத்திருக்கும் பெண்கள் அதை முந்தானையில் ஏந்துகிறார்கள். எங்கள் ஊரில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சிலரை அவர்களுடைய தாய்மார் தபசு மரத்துப் பிள்ளை என்றே சொல்லுவார்கள். பேவர் பிளாக் பதித்த தரையில் இந்தக் குழியை எங்கே வெட்டுவது? தகரக் கூரைக்குக் கீழே மரத்தை எப்படி நிறுத்துவது?

படுகளம் இன்னும் பெரிய காரியம். ஏரி வண்டலையும் ஆற்றுக் களிமண்ணையும் மாட்டுவண்டியிலும் இப்போது டிராக்டரிலும் கொண்டுவந்து கொட்டி, துரியோதனனைப் பல அடி நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் உருவமாகச் செய்து வண்ணம் பூசுகிறார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தின் மேலும் சுற்றியும் ஓடி ஓடிச் சண்டையிட, சனக்கூட்டம் அவர்களுக்கு வழிவிட்டு அலைபோல் பிரிந்து பிரிந்து கூடும். தொடையில் அடி விழுந்ததும் அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிட, திரௌபதி கூந்தல் முடிவாள். அது முடிந்ததும் பெண்கள் அந்த உருவத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். என் அம்மா அதைச் சிவப்புத் துணியில் முடிந்து நெற்குதிருக்குள் போட்டு வைப்பார். அடுத்த ஆண்டுப் படுகளம் வரும்வரை அந்த முடிச்சை நாங்கள் தொடக்கூடாது. குதிர் போய்விட்டது, நெல்லும் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. ஆனாலும் இந்த ஆண்டும் என் தங்கை ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து அரிசி டிரம்மில் போட்டாள்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது எங்கள் களத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் போனது. வடிந்ததும் பார்த்தால் களத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஒரு சாண் வண்டலும் மணலும் படிந்து, தரை முன்பைவிட நன்றாகவே இருந்தது. அதற்குச் சற்றுக் கிழக்கே கட்டியிருந்த சிமெண்டுத் துவைகல் தளம் ஒன்று அடிமண் அரித்து, பாதி உடைந்து ஆற்றுக்குள் சரிந்து கிடந்தது, இன்றும் கிடக்கிறது. வெள்ளம் புகும் இடத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதை அதிகாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெற்றுத்தரையாக விட்டிருப்பதால்தான் ஆறும் கூத்தும் அந்த ஓர் இடத்தை இத்தனை காலம் பகிர்ந்துகொள்ள முடிந்தது.

மேடையை ஆதரிப்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், ஊருக்குள் கட்டினால் இரவில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பதில்லை என்பதால் ஆற்றங்கரைக் களத்தை 'மேம்படுத்துகிறோம்' என்பது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பது உண்மை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள்களுக்கு, அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான், மாநில அரசு தளர்வு தர முடியும். விதி எங்கே கட்டினாலும் விதிதான். மேடையால் அது மாறாது. நான் கண்ட முதல் இரவில் 12 மணிக்குப் பிறகு கூம்பு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். மூன்று பக்கமும் நெருங்கி உட்கார்ந்திருந்த எங்களுக்கு வேஷக்காரரின் குரலும் முகவீணையும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டன; பாட்டின் சொற்கள் முழுதாகப் புரிந்தது அதன் பிறகுதான். எதிரே ஒரே பக்கமாக நீண்டு உட்காரும் அரங்கில் பின்வரிசைக்குக் குரல் எட்டாது. அங்கே மைக் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் இளமையில் இது எல்லாம் ஒரே வடஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோது புரிசையும் செய்யாறும் அந்தப் பக்கம் போயின. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. கூத்து ஜமாக்கள் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. இன்றும் மூன்று நான்கு மாவட்டங்களில் ஒரே கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ஆடுகிறார்கள். ஆகவே எங்கள் ஊரில் கட்டும் மேடை நாளை மற்ற ஊர்களுக்கும் மாதிரியாகிவிடும் என்ற கவலையும் எனக்கு உண்டு. பாலாறு, பொன்னையாறு, செய்யாறு ஆகியவற்றின் கரைகளில் இதுபோன்ற களங்கள் இன்னும் இருக்கின்றன.

ஒதுக்கிய பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பணத்துக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது. இரவெல்லாம் உட்காரும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பத்து மணிக்கு மேல் கருவேலமுள்ளுக்குள் டார்ச்சு அடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாம் இரவில் என் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை அங்கே முள் தைத்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்ததை நானே பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இந்தக் கழிப்பறைதான். வேஷம் கட்டுவதற்கும், ஆடிக் களைத்தவர்கள் பகலில் படுப்பதற்கும், கோயில் மதிலை ஒட்டிய மேட்டில், வெள்ளம் எட்டாத இடத்தில், மின்விசிறியும் தண்ணீர்க் குழாயும் கொண்ட ஒரு நல்ல அறை வேண்டும். இப்போது அவர்கள் பகலில் படுப்பது வேப்பமர நிழலில். சரிவில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கும் ஒயருக்குப் பதிலாக முறையான இணைப்பு வேண்டும். மழைத் தூறலில் அந்த ஒயர் தரையில் கிடந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. களம் இருக்கும் புறம்போக்கு நிலத்தை, பாரதக் கூத்துக்கான ஊர்ப் பொது இடம் என்று கிராமக் கணக்கில் பதிவு செய்துவிட்டால், பின்னால் வேறொருவர் வேறொரு யோசனையோடு வரும்போது தடுத்துக் கேட்க ஊருக்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராமசபைக் கூட்டம் வருகிறது. மேடை வேலைக்கான ஒப்பந்தத்தை அதற்குள் இறுதி செய்யாமல் நிறுத்தி வைத்து, வரைபடத்தை அந்தக் கூட்டத்தில் ஊரார் முன் விரித்துக் காட்டுமாறு வேண்டுகிறேன். எங்கள் ஊருக்கு ஆண்டுதோறும் வரும் ஜமாவின் வாத்தியாரையும், தபசு மரம் நடுகிறவர்களையும், படுகளத்து உருவம் செய்யும் குயவர் குடும்பத்தையும் முறையாக அழைத்து, ஒரு சொல் கேட்ட பிறகு முடிவெடுக்கட்டும். வாத்தியார் வருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவருக்கு ஆட்டம் இல்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.